ஒரத்தநாட்டுச் சாலையும் நம்ம வண்டிப்பாதையும்

(வேளாண் ஒலிபரப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு என்று வழக்கமாகப் பேசுகிற இந்த இடத்தில், இன்றைக்கு ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வேளாண்மை அதிகாரிக்கு ரோட்டிலே என்ன வேலை? அதுக்குத்தான் நெடுஞ்சாலைத் துறை இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு மூட்டை நெல்லுக்கு வயலில் ஒரு விலை, களத்தில் ஒரு விலை, கொள்முதல் நிலையத்து வாசலில் ஒரு விலை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு வழியில்தான் கரைகிறது. வழி நன்றாக இருந்தால் பணம் உங்கள் மடியில். வழி கெட்டிருந்தால் அது வாடகைக்கும் தலைச்சுமைக் கூலிக்கும் போய்விடுகிறது.

ஒரு ஊருக்கு ரோடு என்ன செய்யும், ரோட்டுக்கு ஊர் என்ன செய்யும் என்பதற்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டைப் போல இன்னொரு உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஊர்ப் பெயரை ஒரத்தநாடு என்றும் எழுதுகிறார்கள், உரத்தநாடு என்றும் எழுதுகிறார்கள். சத்திரத்துப் பழைய பெயர் முத்தாம்பாள்புரம். இந்த மூன்று பெயருக்கும் நடுவே ஓடுவது ஒரே சாலைதான்.

ஒரு நாள் நடையில் ஒரு ஊர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது ஒரத்தநாடு. தஞ்சாவூரிலிருந்து 14, 15 மைல். அங்கிருந்து பட்டுக்கோட்டைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். இன்றைக்குப் பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடுகிற தூரம். ஆனால் கால்நடையாகப் போகிறவருக்கும், மாட்டு வண்டி கட்டிப் போகிறவருக்கும் இது சரியாக ஒரு நாள் வழி. காலையில் கிளம்பினால் பொழுது சாய்கிற நேரத்துக்கு மாட்டை அவிழ்த்துவிட ஓர் இடம் வேண்டும். தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், ஒரு பிடி சோறு வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய வழிகளில் பல ஊர்கள் இப்படித்தான் வளர்ந்தன. மாட்டின் கால் எங்கே ஓய்ந்ததோ அங்கே ஒரு கடை, ஒரு கொல்லன் பட்டறை, ஒரு குளம். பிறகு நாலு தெரு.

இந்த வழி சாதாரண வழி அல்ல. வடக்கே காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள் தஞ்சாவூர்ச் சீமையைத் தாண்டிக் கடற்கரையைப் பிடிக்கிற சேது ரஸ்தா. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போனால் ராசாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று கடலோரமாகவே சத்திரமும் மடமும் தொடர்ந்து வரும். ஊர்ப் பெயர்களே அந்தக் கதையைச் சொல்லுகின்றன பாருங்கள். ராசாமடத்தில் மடம் இருக்கிறது, சேதுபாவாசத்திரத்தில் சத்திரம் இருக்கிறது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி பறக்கும்போது இந்தப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போகிறோம். அவை ஒரு காலத்தில் நடந்து களைத்தவனுக்குச் சோற்றுக்கு வழி காட்டிய பெயர்கள்.

முத்தாம்பாளுக்கு ஒரு சத்திரம்

தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர்களில் இரண்டாம் சர்போஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தவர். அடுத்த வருஷமே, 1799-ல், நாட்டின் நிர்வாகத்தைக் கும்பெனிக்காரர்கள் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் கொஞ்சம் சுற்றுப்புறமும்தான். வரி வசூலிக்கிற உரிமை போன ஒரு ராஜா என்ன செய்வார்? சர்போஜி படிப்பிலும் மருத்துவத்திலும் அச்சுக்கூடத்திலும் மனத்தைச் செலுத்தினார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். அதோடு, முன்னோர் நடத்தி வந்த சத்திரங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஒரத்தநாட்டுச் சத்திரம் 1802-ஆம் ஆண்டு அவர் கட்டியது. முத்தாம்பாள் அவருக்குப் பிரியமான பெண்மணி. பிரசவ வேளையில் அந்த அம்மாள் உயிர் பிரிந்தது என்றும், தன் பெயரில் வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும் வழிவழியாகச் சொல்லுவார்கள். நம் கிராமத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று குடும்பத்தார் நட்டு வைக்கும் கல் அது. முத்தாம்பாள் சத்திரத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். குடியானவன் நட்டால் சுமைதாங்கிக் கல், ராஜா கட்டினால் சத்திரம். எண்ணம் ஒன்றுதான்.

கட்டடத்தை நீங்கள் பார்க்காவிட்டால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சக்கரமும் குதிரையும் யானையும் செதுக்கித் தேர் மாதிரி அமைத்த கல் வேலைப்பாடு, முற்றங்கள், தூண் வரிசைகள். பெரிய பெரிய கோயில்கள் நிறைந்த மாவட்டத்தில், கோயில் அல்லாத ஒன்றுக்கு இவ்வளவு கல் வேலை செய்திருக்கிறார்கள். வழியில் வருகிறவனையும் ஒரு பெரிய மனிதனாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

மணி அடித்துச் சோறு

1801-ஆம் ஆண்டு சர்போஜி மன்னர் தஞ்சாவூரில் இருந்த கும்பெனி ரெசிடெண்டு பெஞ்சமின் டோரின் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு விட்ட நிலங்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் கடிதத்தில், சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு வேளாண்மை அறிக்கை மாதிரியே வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறார்.

அதன் சாரம் இது. பிராமணர் முதல் பறையர் வரை, சாமியார்கள், பரதேசிகள் உள்பட வருகிற யாருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும் கையில் கொடுத்துவிடுவார்கள். நடுராத்திரி வரை இது நடக்கும். பிறகு ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். நோய் கண்டு நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சோறும் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால். வழியில் பிரசவ வலி கண்ட பெண்களுக்குத் தனிக் கவனிப்பு. பிள்ளைகளுக்குப் படிப்பு.

அக்காலத்துச் சாதிக் கட்டுப்பாடு சத்திரத்து வாசலோடு நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது, பாதி ராத்திரியில் மணி அடித்துத் தேட வேண்டும் என்பது ஓர் ஏற்பாடாக, கணக்கு வழக்கோடு நடந்திருக்கிறது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்துதான். சத்திரத்துக்கென்று கிராமங்களும் வயல்களும் ஒதுக்கப்பட்டன. உழுதவன் விளைவித்த நெல்தான் நடந்தவன் இலையில் விழுந்தது. அந்தக் கணக்கில் வயலும் ரோடும் வேறு வேறு இல்லை.

ரயில் வந்தது, சாலை மாறியது

தஞ்சாவூர் அரசு 1855-ல் கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. பிறகு ரோடுகள் ஜில்லா போர்டின் பொறுப்புக்கு வந்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு அந்நாளில் இந்தியாவிலேயே பெயர் வாங்கிய ஒன்று. ஏனென்றால் ரோடு போட்டதோடு நிற்காமல் ரயிலும் போட்டது. குடியானவர்களிடம் நிலவரியோடு ஒரு கூடுதல் வரியும் வசூலித்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் ரயில் பாதையைத் திறந்தார்கள். பிறகு அது பட்டுக்கோட்டைக்கு வந்து, 1903-ல் அறந்தாங்கி வரை நீண்டது. உங்கள் பாட்டன் பூட்டன் கட்டிய காசு அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிறது.

ஆனால் அந்த ரயில் ஒரத்தநாட்டுக்கு வரவில்லை. கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. 1914-ல் பாம்பன் ரயில் பாலமும் திறந்துவிட்டார்கள். காசி யாத்திரிகன் ரயில் ஏறினால் ராமேஸ்வரத்தில் போய் இறங்கலாம். நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள், சத்திரத்து அடுப்பும் தணிந்தது. இப்படி வழி மாறினதும் படுத்துப்போன ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ. ஒரத்தநாடு படுக்கவில்லை. காரணம், சத்திரத்தில் ஏற்கெனவே படிப்புக்கு இடம் இருந்தது. யாத்திரிகர் தங்கிய கூடங்களில் பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். சுற்று வட்டாரத்தில் அந்த விடுதிச் சோறு தின்று படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். ரயில் வராத ஊருக்குச் சாலைதான் ஜீவன் என்பதால், அந்தச் சாலையும் கைவிடப்படவில்லை.

சாலை யாருக்கு?

சாலையின் சரித்திரம் என்றால் கப்பியும் தாரும் மட்டும் அல்ல. அதில் யார் நடக்கலாம் என்பதும் சரித்திரம்தான். பொதுப் பணத்தில் போட்ட தெருவிலேயே சில சாதியார் நடக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நம் மாகாணத்தில் பல இடங்களில் தடுத்து வைத்திருந்தார்கள். 1924-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம் எதிலும் எந்த வகுப்பார் வருவதற்கும் தடை இல்லை என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறியது, அதே வருஷம் சர்க்கார் உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த மறுநாளே எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இருந்தாலும் சட்டத்தில் ஒரு பாதை பிறந்துவிட்டது. பொது வழி என்றால் எல்லோருக்கும் பொது. இதை நான் ஏன் இங்கே சொல்லுகிறேன் என்பது பின்னால் வரும்.

புதாறு வெட்டினார்கள்

ஒரத்தநாட்டுப் பக்கம் பழைய காவிரி டெல்டா அல்ல. மேட்டுப் பாங்கான செம்மண் பூமி. கும்பகோணம், மாயவரம் பக்கத்து வண்டல் கழனி மாதிரி நினைத்தபோது தண்ணீர் பாய்கிற இடம் இல்லை. ஏரி நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கேழ்வரகு, வரகு, கடலை என்று வானத்தைப் பார்த்த பூமி.

1925-ல் தொடங்கி 1934-ல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். அதோடு சேர்ந்து வந்ததுதான் கல்லணைக் கால்வாய். நம் ஜனங்கள் வாயில் அது புதாறு. கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, தெற்கே திரும்பி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வரை 148 கிலோமீட்டர் ஓடுகிறது. தஞ்சாவூரில் எல்லோரும் தாண்டிப் போகிற இர்வின் பாலம் இந்தப் புதாற்றின் மேல்தான் இருக்கிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஏரிகளும் இதனால் நிரம்புகின்றன.

இதில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். இயற்கையான ஆறு பள்ளத்தில் ஓடும். மனிதன் வெட்டிய பாசனக் கால்வாய் மேட்டில் ஓடும். மேட்டில் ஓடினால்தான் இரண்டு கரையிலும் இல்லாவிட்டாலும் ஒரு கரையிலாவது தண்ணீரைத் தானாக இறக்கி விட முடியும். அப்படி மேட்டை ஒட்டியே போவதால், பள்ளத்தை நோக்கி வருகிற காட்டாறுகளையும் ஊர்ப் பாதைகளையும் அது குறுக்கே வெட்டிவிடும். காட்டாற்றுக்குக் கீழ்க்குமிழி கட்ட வேண்டும். பாதைக்குப் பாலம் கட்ட வேண்டும். எல்லா வண்டிப்பாதைக்கும் பாலம் கட்ட முடியுமா? முடியாது. பாலம் கிடைத்த பாதை ரோடு ஆயிற்று. கிடைக்காத பாதை கரையில் முட்டி நின்றது. அக்கரை வயலுக்குப் போக ஒரு மைல் சுற்றிப் போனவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் பார்த்தால், வாய்க்கால் கரைகளே புதுப் பாதைகளாகவும் ஆயின. டெல்டாவில் எந்தக் கிராமத்துக்கு வழி கேட்டாலும் "இந்தக் கரையோட நேரா போங்க" என்றுதானே சொல்லுகிறோம்!

ஒரு கால்வாய் தண்ணீரையும் பிரிக்கிறது, வழியையும் பிரிக்கிறது. எந்தப் பாசனத் திட்டத்திலும் மதகுக்குக் கொடுக்கிற கவனத்தைப் பாலத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிற பாடம்.

ரேடியோ நெல் வந்த வழி

தண்ணீர் வந்த பிறகு விளைச்சல் உடனே பெருகிவிடவில்லை. விதை வேண்டும், உரம் வேண்டும், கடன் வேண்டும். 1960-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. 'பேக்கேஜ் திட்டம்' என்று பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் ரகமான நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தைக் கண்டுபிடித்தார்கள். குறுவைக்கு ஏற்ற நெல். திருச்சி வானொலி நிலையத்தில் இந்த ரகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குடியானவர்கள் கடைக்கு வந்து "அந்த ரேடியோ நெல்லு கொடுங்க" என்று கேட்டார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சேதி காற்றில் வந்துவிடும். விதை மூட்டை காற்றில் வராது. யூரியா மூட்டையும் வராது. அதற்கு லாரி வர வேண்டும், லாரி வர ரோடு வேண்டும். வானொலியில் கேட்ட ரகத்தை முதலில் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சாலையோரத்துக் கிராமத்துக்காரர்கள்தான். உள்ளடங்கிய ஊர்களுக்கு அது ஒரு பருவம் தள்ளிப் போயிற்று. நல்ல ரகத்துக்கும் ஏழைக் குடியானவனுக்கும் நடுவே பல சமயம் நிற்பது அறியாமை அல்ல, ஒரு மைல் சேறு.

இன்றைக்கு ஒரத்தநாட்டு வட்டாரத்துக்கு என்ன குறை? 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. பக்கத்திலேயே ஈச்சங்கோட்டையில் 2014-ல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. இப்போது அது டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் யாத்திரிகனுக்குச் சோறு போட்ட சாலையில் இப்போது பிள்ளைகள் பயிர் வைத்தியமும் மாட்டு வைத்தியமும் படிக்கப் போகிறார்கள்.

கஜா கற்றுக் கொடுத்தது

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதியை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பெற்ற பிள்ளையை இழந்த மாதிரி தோப்பில் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்தோம். அந்தத் துக்கத்தோடு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. ரோட்டில் மரம், ரோட்டில் மின்கம்பம். பெரிய சாலைகளில் மரத்தை அறுத்துப் போட்டு வழி விட்டார்கள். உள்பாதைகள்தான் பல நாள் அடைந்து கிடந்தன. தண்ணீர் லாரி, பால் வண்டி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் என்று எல்லாம் அங்கேயே நின்றன. ஓரத்தில் இடம் விடாமல் பாதையை ஒட்டி நட்ட மரம், விழும்போது பாதையில்தான் விழும்.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விடச் சொல்லுகிறோம். அதில் பாதியாவது வரப்பிலிருந்தும் பாதையிலிருந்தும் விட்டு நடுங்கள். புதிதாகக் கன்று வைத்திருப்பவர்கள் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ராஜா போட்ட சாலையும் ஜில்லா போர்டு போட்ட சாலையும் அகலமாகிக்கொண்டே வருகின்றன. நம்ம வண்டிப்பாதை மட்டும் குறுகிக்கொண்டே வருகிறது. ஏன்?

வரப்பு அணைக்கிறபோது பாதைப் பக்கம் அரை அடி தள்ளி ஒரு மண்வெட்டி போடுகிறோம். எதிர்ப் பக்கத்து வயல்காரரும் அரை அடி போடுகிறார். வருஷத்துக்கு ஒரு அடி. 12 அடிப் பாதை 12 வருஷத்தில் வரப்பு ஆகிவிடுகிறது. யாரும் திருடவில்லை, யாரும் சண்டை போடவில்லை, பாதை காணாமல் போய்விட்டது.

இதில் லாபம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வயல் பாதையை ஒட்டி 200 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் 6 அடி சேர்த்துக்கொண்டீர்கள். மொத்தம் 1,200 சதுர அடி. அதாவது சுமார் இரண்டே முக்கால் சென்ட். ஏக்கருக்கு 40 மூட்டை காண்கிற நிலமானால் இதில் கிடைப்பது ஒரு மூட்டைக்குச் சற்று மேல். அவ்வளவுதான்! அந்த ஒரு மூட்டைக்காக, உள்ளே இருக்கிற பத்துக் குடும்பங்களின் வண்டி நின்றுபோகிறது.

நான் வேலை பார்க்கும் வட்டாரத்தில் ஒரு சம்பா அறுவடையில் பார்த்தது இது. உள்ளே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரர். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, வானம் கருக்கிறது. அறுவடை மிஷின் ரோட்டில் வந்து நிற்கிறது, உள்ளே போக வழி இல்லை. முன்னால் இருக்கிற வயல்காரர்கள் தங்கள் வயலை அறுத்த பிறகுதான் விடுவார்கள். அவர்கள் பயிரோ இன்னும் பத்து நாள் பச்சை. "நான் என்ன சார் பண்ணுவேன், பறந்தா போகச் சொல்லுவேன்?" என்று அந்த மனிதர் கேட்டார். இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. நெல் வயலிலேயே முளைத்தது.

அறுவடை ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பாதை இல்லாத நிலம் பாதி நிலம். டயர் மிஷினின் வெட்டும் பகுதியே 12 முதல் 14 அடி அகலம் இருக்கிறது. பெல்ட் மிஷின் குறுகலானது என்றாலும், அதை ஏற்றி வருகிற லாரி பக்கத்திலாவது வர வேண்டும். மிஷினுக்கு மணிக் கணக்கில் வாடகை. அது சுற்றி வருகிற நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இதில் முதலில் அடிபடுகிறவர்கள் உள்வயல்காரர்கள், சிறு விவசாயிகள், குத்தகைதாரர்கள். காலனிக்குப் போகிற பாதையும் சுடுகாட்டுப் பாதையும் இதே மாதிரிதான் குறுகுகின்றன. 1924-ல் சட்டசபையில் திறந்த வழியை நாம் மண்வெட்டியால் மூடலாமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் ஊர் வண்டிப்பாதை புலப்படத்தில் எத்தனை அடி என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். புலப்படமும் 'அ' பதிவேடும் இப்போது இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. படத்தில் இருக்கிற பாதை தரையில் இருக்கிறதா என்று ஊரார் நாலு பேர் சேர்ந்து நடந்து பாருங்கள்.

இரண்டாவது, பாதை புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அதில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஆக்கிரமிப்பை அகற்றத் தாசில்தாருக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது.

மூன்றாவது, பட்டா நிலத்தின் வழியே போகிற பாதையானாலும், தடையில்லாமல் உரிமையோடு 20 வருஷம் அனுபவித்து வந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி கோர்ட்டில் கேட்க வழி உண்டு. ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். கோர்ட்டு வழி நம்ம வண்டிப்பாதையைவிட நீளம்.

நான்காவது, தண்ணீர் பாய்ச்சப் பாதையைக் குறுக்கே வெட்டாதீர்கள். ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டால் தண்ணீரும் போகும், வண்டியும் போகும்.

ஐந்தாவது, தார் ரோட்டில் நெல் காய வைக்காதீர்கள். விபத்து ஆபத்து ஒரு பக்கம். மத்தியான வெயிலில் தார் ரோட்டுச் சூடு தாங்காமல் அரிசிக்குள் விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகிப் போகும். கல்லும் சேரும். கொள்முதல் விதிப்படி ஈரம் 17 சதவீதம். களத்தில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, சாயங்காலம் குவித்து மூடி வைத்து இரண்டு மூன்று வெயிலில் காய வைத்தால் ஈரமும் இறங்கும், அரிசியும் உடையாது. பொதுக் களம் இல்லாத ஊரார் பஞ்சாயத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெருமக்களே! நிலத்தின் விளைச்சலை எடுத்து வழிப்போக்கனுக்குச் சோறாகப் போட்டார்கள் நம் சீமையில். நம்மை யாரும் சத்திரம் கட்டச் சொல்லவில்லை. நள்ளிரவில் மணி அடித்துச் சோறு போடச் சொல்லவில்லை. வரப்பு அணைக்கிறபோது மண்வெட்டியை அரை அடி உள்ளே தள்ளிப் போடுங்கள், அது போதும். இந்தப் பருவம் நாற்றங்காலுக்கு முன்னாலேயே பாதையை அளந்துவிடுங்கள். அறுவடைக்கு மிஷின் வந்து ரோட்டில் நிற்கும்போது அளக்க நேரம் இருக்காது.